தஹ்தாவியின் பாரிசும் லேனின் கெய்ரோவும்: மேலை – இஸ்லாமியச் சமூகங்களின் பரஸ்பரப் பார்வை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மேலைச் சமூகங்களுக்கும் இஸ்லாமியச் சமூகங்களுக்கும் இடையிலான பண்பாட்டுப் போட்டியைப் பற்றிய உரையாடலில் இரண்டு நூல்கள் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, எட்வர்ட் சயீத் 1978இல் வெளியிட்ட 'கீழைத்தேயவியல்'. மற்றொன்று, சாமுவேல் ஹண்டிங்டன் 1993இல் கட்டுரையாக எழுதி 1996இல் நூலாக விரித்த 'நாகரிகங்களின் மோதல்'. மேலை உலகம் கீழை உலகைத் தன் ஆதிக்கத்திற்கு இசைந்த வடிவில் எழுதிக்கொண்டது என்பதை முன்னது நிறுவ முயன்றது. பனிப்போருக்குப் பிந்திய உலகில் நாகரிகங்களின் எல்லைகளே மோதலின் எல்லைகளாகும் என்று பின்னது கூறியது.

இவ்விரண்டும் எதிரெதிர் நிலைகளில் நிற்பவை. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டிலும் முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் மேலைநாட்டைத் தம் கண்ணால் கண்டு, தம் மொழியில் மதிப்பிட்டு, தம் மக்களுக்கு எழுதிய எழுத்து முக்கிய இடம் பெறவில்லை. சயீத் இதனை உணர்ந்திருந்தார். கீழைத்தேயவியலில் தாம் விட்டுவிட்டது ஆதிக்கத்திற்கு எழுந்த எதிர்வினையே என்பதை 1993இல் வெளிவந்த 'பண்பாடும் பேரரசியமும்' என்ற நூலின் தொடக்கத்தில் அவரே சுட்டினார். ஒரே வரலாற்றின் இரு தரப்புக் குரல்களையும் ஒருங்கே வைத்து வாசிக்கும் முறையையும் அந்நூலில் அவர் வகுத்தார்.

அம்முறையைப் பின்பற்றி, ஒரே காலத்தில் எழுந்த இரு நூல்களை இக்கட்டுரையில் நாம் அருகருகே வைத்துப் பார்க்க முற்படுகிறோம். ஒன்று, எகிப்தியராகிய ரிஃபாஆ அல்-தஹ்தாவி பாரிஸ் நகரைப் பற்றி அரபு மொழியில் எழுதிய 'தக்லீஸ் அல்-இப்ரீஸ் ஃபீ தல்கீஸ் பாரீஸ்'. மற்றொன்று, ஆங்கிலேயராகிய எட்வர்ட் வில்லியம் லேன் கெய்ரோ மக்களைப் பற்றி எழுதிய 'தற்கால எகிப்தியரின் நடையும் வழக்கமும்'. பார்வை ஒருவழிப் பாதையாக இருந்ததா, இருவழிப் பாதையாயின் இரு பார்வைகளும் ஒரே தன்மையனவா என்பன நம் வினாக்கள்.

இரு நூல்களின் பின்புலம்

இந்நூலாசிரியர் இருவரும் ஒரே ஆண்டில், 1801இல், பிறந்தவர்கள். தஹ்தாவி மேல் எகிப்திலுள்ள தஹ்தா என்னும் ஊரினர், அல்-அஸ்ஹரில் பயின்றவர். அவருடைய ஆசிரியர் ஹசன் அல்-அத்தார், 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது உடன்வந்த பிரெஞ்சு அறிஞர்களுடன் பழகியவர். எகிப்தின் ஆளுநர் முகம்மது அலி நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களை 1826இல் பிரான்சுக்கு அனுப்பியபோது, அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகத் தஹ்தாவி உடன் சென்றார். அவரை அப்பணிக்குப் பரிந்துரைத்தவர் அத்தார். இமாமாகச் சென்றவர் தாமே மாணவராகிப் பிரெஞ்சு கற்று, மொழிபெயர்ப்பில் தேர்ச்சி பெற்று, 1831இல் நாடு திரும்பினார். அவரது நூல் 1834இல் கெய்ரோவின் பூலாக் அரசு அச்சகத்தில் அச்சாயிற்று.

லேன் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் பிறந்து, இலண்டனில் செதுக்கோவியத் தொழில் பயின்றவர். 1825 முதல் 1828 வரை எகிப்தில் முதன்முறை தங்கினார். 1833இல் மீண்டும் சென்று 1835 வரை கெய்ரோவில் வாழ்ந்து தம் நூலுக்குரிய செய்திகளைத் திரட்டி எழுதினார். பயனுள்ள அறிவைப் பரப்பும் நோக்குடைய ஆங்கிலச் சங்கம் ஒன்று அதனை 1836இல் வெளியிட்டது. துருக்கிய உடை உடுத்தி, மன்சூர் எஃபெந்தி என்ற பெயரில் அந்நகரத்தாருடன் அவர் பழகினார்.

தஹ்தாவியின் நூல் பூலாக்கில் அச்சேறிய நாள்களில் லேன் அதே நகரத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்நூலைப் பற்றி அவர் அறிந்தும் இருந்தார். தஹ்தாவியின் பயண நூலில் என்ன இருக்கிறது என்று கெய்ரோவாசி ஒருவர் நையாண்டியாகக் கூறியதை லேன் பதிவு செய்துள்ளார். கப்பலில் குடித்ததும், பன்றியிறைச்சி உண்டதுமே அதன் உள்ளடக்கம் என்பது அந்த நையாண்டி. அது நையாண்டியே என்பதையும் லேன் மறைக்கவில்லை. ஆயினும், பாரிசின் அரசியல் அமைப்பை விரிவாக எடுத்துரைத்த ஒரு நூல், கெய்ரோவை ஆராய வந்த ஆங்கிலேயரின் ஏட்டில் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே இடம்பெற்றது. இரு பார்வைகளும் ஒரு கணம் சந்தித்த இடம் அது. சந்திப்பு உரையாடலாக வளரவில்லை.

கண்ணாடியும் மையும்

இரு நூல்களிலும் பலரும் நினைவிற் கொள்ளும் காட்சி ஒவ்வொன்று உண்டு. மார்செய் துறைமுக நகரில் ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்த தஹ்தாவி, எண்ணற்ற மக்கள் கூடியிருப்பதைக் கண்டு அதனைப் பெரியதொரு தெருவென்றே எண்ணுகிறார். பின்னர்த் தம் உருவமும் தம் குழுவினரின் உருவமும் பலவாகத் தெரிவதைக் கண்டு, சுவரெங்கும் நிலைக்கண்ணாடிகள் பதிக்கப்பட்டிருப்பதை உணர்கிறார்.

லேனின் நூலிலோ ஒரு மாந்திரிகர் வருகிறார். அவர் ஒரு சிறுவனின் உள்ளங்கையில் மையை ஊற்றி, கேட்பவர் பெயர் குறிப்பிடும் மனிதர் அதில் தோன்றுவார் என்கிறார். லேன் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனின் பெயரைச் சொல்கிறார். ஐரோப்பிய உடையணிந்த ஒருவர், இடக்கை இழந்தவராக, தெரிகிறார் என்கிறான் சிறுவன். பிறகு உற்றுநோக்கி, கை இழக்கப்படவில்லை, மார்போடு பொருத்தப்பட்டிருக்கிறது என்று திருத்துகிறான். உண்மையில் நெல்சன் இழந்தது வலக்கை. மையில் உருவம் கண்ணாடியிற்போல் இடவலம் மாறித் தெரியுமோ என்று லேன் வினவ, ஆம் என்கிறார் மாந்திரிகர்.

இருவரும் அயல்மண்ணில் தம்மையே, அல்லது தம்மவரையே, கண்டார்கள் என்பதை இக்காட்சிகள் காட்டுகின்றன. வேறுபாடு, கண்ட பிறகு எழுந்த வினாவில் இருக்கிறது. தஹ்தாவி தாம் ஏமாந்ததைச் சொல்லி, அக்கண்ணாடிகள் எவ்வாறு அவ்விடத்தைப் பெருக்கிக் காட்டுகின்றன என்று விளக்குகிறார்; ஏமாற்றம் அறிவாக மாறுகிறது. லேன் தம் வினாக்களால் துல்லியத்தை நாடுகிறார். ஆனால் அக்காட்சி எகிப்தியரின் மாந்திரிக நம்பிக்கை பற்றிய இயலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆங்கிலேயர் ஒருவர் தம் நாட்டு வீரனை எகிப்தியச் சிறுவனின் கையில் தேடியது எதனால் என்னும் கேள்வி அங்கு எழவில்லை.

நூலமைப்பு உணர்த்தும் பார்வை

லேனின் நூலமைப்பு ஆராயத்தக்கது. நாடும் தட்பவெப்பமும், உடலமைப்பும் உடையும், குழந்தைப் பருவமும் கல்வியும், சமயமும் சட்டமும், அரசு, இல்லற வாழ்க்கை, மூடநம்பிக்கைகள், கலைகள், விழாக்கள் என்று விரியும் இயல்கள் இறுதியில் சாவும் ஈமச்சடங்கும் பற்றிய இயலில் முடிகின்றன. பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு பொதுமனிதனின் வாழ்க்கைச் சட்டகம் இது. இந்தச் சட்டகத்துக்குள் வரும் செய்திகளின் துல்லியம் வியக்கத்தக்கது. வீட்டின் சாளர மரவேலைப்பாடு முதல் தொழுகையின் நிலைகள் வரை அவர் கண்டு வரைந்தவை இன்றும் வரலாற்று ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன.

ஆனால் சட்டகத்துக்குள் அடங்காதது எது என்பதும் கவனிக்கத்தக்கது. முகம்மது அலியின் ஆட்சியில் எகிப்து ஆழமாக மாறிக்கொண்டிருந்தது. பருத்திச் சாகுபடி, கட்டாயப் படைச்சேர்ப்பு, புதிய பள்ளிகள், அரசு அச்சகம் ஆகியவை மக்களின் வாழ்வைத் தொட்டிருந்தன. லேன் இவற்றை அறியாதவர் அல்லர். எனினும் எகிப்தில் அண்மையில் ஏற்பட்ட புதுமைகள் பற்றிய பகுதி, ஈமச்சடங்கு இயல் முடிந்த பின்னர், கோப்துகள், யூதர்கள் ஆகியோர் பற்றிய பகுதிகளோடு பின்னிணைப்பாக இடம்பெறுகிறது. வழக்கம் நூலின் உடலாகவும் மாற்றம் அதன் ஒட்டாகவும் அமைகின்றன. 'தற்கால' என்ற அடைமொழி தலைப்பில் இருந்தும், அக்காலத்தின் இயக்கம் நூலின் மையத்துக்கு வரவில்லை.

தஹ்தாவியின் நூலமைப்பு இதற்கு மாறானது. அவரும் நாற்காலியில் அமர்ந்து கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணும் வழக்கத்தை, உடையை, நாடக அரங்கை, ஆடலை, மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறார். ஆனால் அவரது நூலின் இதயம் வேறிடத்தில் உள்ளது. பிரான்சின் 1814ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தை அவர் அரபு மொழியில் பெயர்த்து நூலுள் சேர்க்கிறார். அதன் விதிகளுக்கு விளக்கமும் எழுதுகிறார். தம் கண்முன் நிகழ்ந்த 1830ஆம் ஆண்டு ஜூலைப் புரட்சியைத் தனிப்பகுதியாக விவரிக்கிறார். மன்னர் ஒருவர் சாசனத்தை மீறினால் குடிமக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை, மன்னராட்சி நடக்கும் நாட்டின் அரசு அச்சகத்திலேயே அவர் அச்சிட்டுத் தந்தார். அந்நூல் துருக்கிய மொழியிலும் பெயர்க்கப்பட்டு அதிகாரிகளிடையே வழங்கப்பட்டது. அதன் அரசியல் துணிவை இப்பின்புலத்திலேயே மதிப்பிட வேண்டும்.

சொல்லின் வழியே ஒரு பாலம்

தஹ்தாவி எதிர்கொண்ட சிக்கல் மொழிபெயர்ப்பாளரின் சிக்கல். பிரெஞ்சுக்காரர் போற்றும் 'சுதந்திரம்' என்னும் கருத்துக்கு 'ஹுர்ரிய்யா' என்ற அரபுச் சொல்லை அவர் ஆள்கிறார். அரபு மரபில் அச்சொல் பெரும்பாலும் அடிமையல்லாத நிலையைக் குறித்தது. எனவே அவர் ஒரு விளக்கம் தருகிறார். பிரெஞ்சுக்காரர் சுதந்திரம் என்று அழைப்பது, நம்மிடையே நீதி என்றும் நடுநிலை என்றும் வழங்குவதே என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

இவ்விளக்கத்தை இருவிதமாகப் படிக்கலாம். அயற்கருத்தை உள்நாட்டுச் சொல்லுக்குள் அடக்கி அதன் கூர்மையை மழுக்கிவிட்டார் என்பது ஒரு வாசிப்பு. சுதந்திரம் தனிமனிதனின் உரிமை. நீதியோ ஆள்பவரின் கடமை. இரண்டும் ஒன்றல்ல என்பது இவ்வாசிப்பாளர்க்கு வலுவான வாதம். தம் வாசகர் அறிந்த அறத்தின் வழியே அயலாரின் அரசியலை அவர் மதிக்கத்தக்கதாக்கினார் என்பது மற்றொரு வாசிப்பு. நமக்கு இரண்டாவதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அச்சாசனத்தின் கருத்துகள் பெரும்பாலும் குர்ஆனிலோ நபிவழியிலோ இல்லாதவை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டே, அறிவு அம்மக்களை நீதிக்கு இட்டுச் சென்றது என்று அவர் பாராட்டுகிறார். வேறுபாட்டை மறைக்காமல் மதிப்பை வழங்குகிறார். மொழிபெயர்ப்பைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்கலாம்.

சில்வெஸ்த்ர் த சசி போன்ற பிரெஞ்சு அரபு அறிஞர்களைப் பற்றிய அவரது மதிப்பீடும் இவ்வகையினதே. த சசியின் அரபுப் புலமையை மனமாரப் போற்றுகிறார். அவர் வாசிக்கும்போது அயலொலிப்பு தென்படுவதையும் குறிக்கிறார். கீழைத்தேயவியலார் இங்கே ஆராயப்படும் பொருளாகிறார்கள்! இன்னும் குறிப்பிடத்தக்கது, த சசி அந்நூலின் கையெழுத்துப் படியைப் படித்து எழுதிய கருத்துரையைத் தஹ்தாவி தம் நூலுக்குள்ளேயே சேர்த்திருப்பது. பாரிஸ் மக்களிடம் கண்டதைப் பிரெஞ்சுக்காரர் அனைவர்க்கும் பொதுவாக்கிவிட்டார் என்பது த சசி கூறிய குறைகளுள் ஒன்று. பார்க்கப்பட்டவர் மறுத்துரைக்கும் உரிமையை, பார்த்தவர் தம் ஏட்டிலேயே அளித்திருக்கிறார். லேன் கெய்ரோவின் அறிஞர் பலரிடம் கேட்டறிந்து எழுதியவர். எனினும் அவர்களுள் ஒருவர் அவரது நூலை மதிப்பிட்டு மறுத்துரைக்கும் பக்கம் அந்நூலில் இல்லை.

லேனை வாசித்த இருவர்

1978ஆம் ஆண்டில் லேனைப் பற்றி முரண்பட்ட இரு வாசிப்புகள் வெளிவந்தன. ஒன்று சயீதினுடையது. நண்பர் ஷேக் அகமதுவுடன் பள்ளிவாசலில் தொழுகையாளர் போல் நடந்துகொண்டு, பின்னர் அதனை ஆங்கில வாசகருக்குச் செய்தியாகத் தரும் இரட்டை நிலையைச் சயீத் கூர்மையாகச் சுட்டினார். எகிப்தியரின் வாழ்வில் புகுவதுபோல் காட்டி, உண்மையில் புகாமல் விலகி நின்றதே லேனின் புலமை அதிகாரத்துக்கு அடித்தளம் என்பது அவர் வாதம். திருமணம் செய்துகொள்ளும்படி கெய்ரோவாசிகள் வற்புறுத்தியும் லேன் மறுத்ததை அவர் அதற்குச் சான்றாக்கினார்.

மற்றொன்று, எகிப்தில் பிறந்த ஆய்வாளர் லைலா அகமது எழுதிய நூல். தமக்கு முந்தைய ஆங்கிலப் பயணிகளின் முன்முடிவுகளிலிருந்து லேன் பெருமளவு விடுபட்டவர் என்றும், அரபுச் சமூகத்தை அதன் சொந்த அளவுகோலால் அறிய முயன்றவர் என்றும் அவர் காட்டினார்.

இவ்விரண்டில் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள வேண்டியதில்லை என்பது நம் கருத்து. சயீத் நூலின் உத்தியை ஆராய்ந்தார். லைலா அகமது ஆசிரியரின் வாழ்வையும் உழைப்பையும் ஆராய்ந்தார். நூலில் திருமணத்தை மறுத்த லேன், கிரேக்க வழியினரும் எகிப்தில் அடிமையாக விற்கப்பட்டவருமான நஃபீசாவை 1840இல் மணந்துகொண்டார். நூலில் உள்ள விலகல் வாழ்வில் அவ்வாறே இல்லை. அதே வேளையில், அடிமைச் சந்தை வழியே தொடங்கிய உறவை நெருக்கத்தின் சான்றாக மட்டும் கொள்வதும் அறமன்று. எழுத்தின் அதிகாரமும் வாழ்வின் சிக்கலும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை.

சிரியச் சிந்தனையாளர் சாதிக் ஜலால் அல்-அஸ்ம் 1981இல் எழுப்பிய எச்சரிக்கையும் இங்குப் பொருந்தும். கீழைத்தேயவியலைக் கண்டிப்போர், கிழக்குக்கு மாறாத உயரிய சாரம் ஒன்று உண்டு என்று கூறத் தொடங்கினால், அது தலைகீழாக்கப்பட்ட கீழைத்தேயவியலே ஆகும் என்றார் அவர். தஹ்தாவியை நாம் வாசிக்கும்போது இவ்வெச்சரிக்கையை மறத்தல் ஆகாது.

தஹ்தாவியின் எல்லைகள்

தஹ்தாவியைக் குறையற்றவராகக் காட்டுவது திறனாய்வாகாது. அவர் நூலின் தொடக்கத்தில் மனிதகுலத்தை மூன்று படிகளாகப் பகுக்கிறார். சூடானின் கறுப்பின மக்களைக் கடைப்படியிலும், பாலைவன நாடோடி அரபியரை நடுப்படியிலும், எகிப்து, சிரியா, துருக்கி, பாரசீகம், ஐரோப்பா முதலிய நாடுகளின் மக்களை முதற்படியிலும் வைக்கிறார். முகம்மது அலியின் படைகள் 1820 முதல் சூடானைக் கைப்பற்றிவந்த பின்புலத்தில் இப்பகுப்பு எவருக்கு உதவியது என்பது வெளிப்படை. ஐரோப்பியரால் கீழ்நோக்கப்பட்ட சமூகத்தின் அறிஞர், தமக்கும் கீழே ஒரு படியை அமைத்துக்கொண்டார். பார்வையின் அதிகாரம் மேலைநாட்டாரின் தனியுடைமை அன்று என்பதற்கு இதுவே சான்று.

வரலாறு அவரை அப்படிக்கே அனுப்பியது. 1835இல் தொடங்கப்பெற்ற மொழிகள் பள்ளியை நடத்தி, தலைமுறை மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கிய தஹ்தாவி, முதலாம் அப்பாஸின் ஆட்சியில் 1850இல் கார்ட்டூம் நகருக்கு அனுப்பப்பட்டார். பள்ளி நடத்துவது அதற்குக் கூறப்பட்ட காரணம். நடைமுறையில் அது நாடுகடத்தலே. அங்கிருந்தபடி பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனெலோனின் 'தெலெமாக்' என்னும் கதையை அவர் அரபில் பெயர்த்தார். கொடுங்கோல் மன்னர்க்கு அறிவுரை கூறும் அக்கதையை அவர் தேர்ந்தது தற்செயலன்று என்பதே ஆய்வாளர் பலரின் துணிபு. 1854இல் கெய்ரோ திரும்பி, 1873இல் மறைந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. பாரிசின் நூலகங்களையும் செய்தித்தாள்களையும் விரிவாகக் கண்ட அவர், அந்நகரின் ஏழைத் தொழிலாளரைப் போதிய அளவு காணவில்லை. தம் ஆளுநரின் செலவில் சென்ற அரசு மாணவர் என்ற நிலை, அவர் எங்கெங்குச் சென்றார், யார் யாரைக் கண்டார் என்பதைத் தீர்மானித்தது.

போட்டி எங்கே பிறக்கிறது?

இஸ்லாமியச் சமூகங்களுக்கும் மேலைச் சமூகங்களுக்கும் இடையிலான போட்டி சமயத்தில் வேரூன்றியது என்னும் வாதம் பழையது. 'நாகரிகங்களின் மோதல்' என்னும் தொடரைப் பெர்னார்ட் லூயிஸ் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆண்டார். ஹண்டிங்டன் அதனை உலகறியச் செய்தார். இவ்வாதத்துக்குத் தஹ்தாவியின் நூலில் ஒரு விடை இருக்கிறது.

1830ஆம் ஆண்டு பிரான்ஸ் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியபோது அவர் பாரிசில் இருந்தார். கிறித்துவ சமயம் இஸ்லாத்தை வென்றது எனப் பாரிஸ் பேராயர் மன்னரிடம் மகிழ்ச்சி தெரிவித்ததை அவர் பதிவு செய்கிறார். உடனே, அப்போர் வெறும் அரசியல் சார்ந்தது. வணிகப் பிணக்குகளிலும் வழக்குகளிலும் செருக்கிலும் பிறந்தது என்று தம் கருத்தைக் கூறுகிறார். சில வாரங்களில் வெடித்த புரட்சியில் அதே பேராயரின் மாளிகை மக்களால் சூறையாடப்பட்டதையும் சுட்டுகிறார்.

இமாம் ஒருவர், தம் சமயத்தார் மீது நடந்த படையெடுப்பைச் சமயப் போராகக் கொள்ள மறுக்கிறார். பேராயர் அதனைச் சமய வெற்றியாகக் கொண்டாடுகிறார். அதே பேராயரின் மீது அவர் சமயத்தாரே கைவைக்கிறார்கள். இம்மூன்றையும் ஒரே தொடரில் வைத்ததில் தஹ்தாவியின் பகுத்தறிவு வெளிப்படுகிறது. 'மேலை உலகம்' என்று ஒன்றும் 'இஸ்லாமிய உலகம்' என்று ஒன்றும் ஒருமுகமாக நின்று மோதவில்லை. வணிகக் கடன், கடற்படை, உள்நாட்டில் செல்வாக்கிழந்த ஓர் அரசின் தேவை ஆகியவை மோதலைப் பெற்றன. பிறந்த குழந்தைக்குச் சமயத்தின் பெயர் பின்னர் இடப்பட்டது. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி 1962 வரை நீடித்தது. அந்நெடுங்காலத்தில் அப்பெயர் இரு தரப்பிலும் வேர்கொண்டது என்பதும் உண்மை. காரணமாக இல்லாதது, காலப்போக்கில் காரணமாகவே ஆகிவிடக்கூடும். ஹண்டிங்டன் விளைவைக் கண்டு அதனை மூலம் என்று கொண்டார் என்பதே நம் மதிப்பீடு.

அகராதி என்னும் சந்திப்பு

லேனின் பெயரை நிலைநிறுத்தியது அவரது அரபு–ஆங்கில அகராதி. 1842இல் மூன்றாம் முறையாகக் கெய்ரோ சென்ற அவர், ஏழாண்டுகள் அங்குத் தங்கி அதற்காக உழைத்தார். முதற்பகுதி 1863இல் வெளிவந்தது. லேன் 1876இல் மறைந்த பின்னர் எஞ்சிய பகுதிகள் 1893 வரை வெளியாயின. அதன் முதன்மை ஆதாரம் 'தாஜ் அல்-அரூஸ்' என்னும் பேரகராதி. அதனை 18ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்து தொகுத்த முர்தளா அல்-ஸபீதி, வட இந்தியாவின் பில்கிராமில் பிறந்தவர் என்பது இந்திய ஆய்வியல் துறையினராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. இந்தியாவில் பிறந்தவர் கெய்ரோவில் தொகுத்ததை ஆங்கிலேயர் ஒருவர் எகிப்தியர் ஒருவரின் துணையுடன் ஆங்கிலமாக்கினார்.

அவ்வெகிப்தியர் ஷேக் இப்ராஹீம் அல்-தஸூகி. கையெழுத்துப் படிகளைப் படியெடுப்பது, ஒப்புநோக்குவது, ஐயம் தீர்ப்பது ஆகியவை அவர் பணிகள். அகராதியின் தலைப்பில் லேனின் பெயரே உள்ளது; முன்னுரையில் தஸூகி நினைக்கப்படுகிறார். இந்த ஏற்றத்தாழ்வைக் குறிக்காமல் இவ்வுறவைப் புகழ இயலாது. குறித்த பின்னரும் அது ஓர் உண்மையான அறிவுக் கூட்டுறவே.

அதன் எதிரொலி எகிப்திய இலக்கியத்தில் கேட்டது. பிரான்சில் பயின்று எகிப்தின் கல்வித்துறையை வழிநடத்திய அலீ முபாரக், 1882இல் 'அலம் அல்-தீன்' என்னும் நெடுங்கதையை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அல்-அஸ்ஹர் ஷேக் ஒருவரும் அகராதிப் பணியில் ஈடுபட்ட ஆங்கிலேய அறிஞர் ஒருவரும் ஒன்றாக ஐரோப்பாவுக்குப் பயணம் செய்து, வழிநெடுக உரையாடுவதே அக்கதை. லேனும் தஸூகியும் அக்கதையின் நிழலில் நிற்கிறார்கள். தஹ்தாவியின் நூலில் ஒருவர் பார்க்கிறார். லேனின் நூலில் மற்றவர் பார்க்கிறார். முபாரக்கின் கதையில் இருவரும் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். அக்கதை அலெக்சாந்திரியாவில் வெளிவந்தது. அதே 1882இல் ஆங்கிலக் கடற்படை அதே நகரைக் குண்டுவீசித் தாக்கியது. எகிப்து ஆங்கிலேயரின் பிடிக்குள் வந்தது. உரையாடலுக்கு இலக்கியம் ஆயத்தமானபோது அரசியல் ஆயத்தமாக இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிபுகள் மூன்று. முதலாவது, பார்வை எக்காலத்திலும் இருவழிப்பட்டதாகவே இருந்தது. ஆனால் இரு வழிகளுக்கும் பின்னால் இருந்த வலிமை சமமானதன்று. லேனின் நூலுக்குப் பின் ஒரு பேரரசு வந்தது. தஹ்தாவியின் நூலுக்குப் பின் ஒரு மொழிகள் பள்ளி வந்தது. இரண்டாவது, பார்ப்பவர் எவராயினும், தம்மைவிட மெலிந்தோரைக் காணும்போது பார்வை திரிகிறது. தஹ்தாவியின் சூடான் இதற்குச் சான்று. மூன்றாவது, பார்வையின் தரத்தை அளக்கும் அளவுகோல் அன்போ துல்லியமோ மட்டுமன்று. பார்க்கப்பட்டவர் மறுத்துரைக்க அந்நூலில் இடமுண்டா என்பதே சிறந்த அளவுகோல். த சசியின் மறுப்பைத் தம் நூலில் ஏற்ற தஹ்தாவி அவ்வளவில் லேனினும் ஒரு படி உயர்கிறார்.

இவ்வளவுகோல் நம் வகுப்பறைக்கும் உரியது. 'நடையும் வழக்கமும்' என்னும் நூல்வகை எகிப்தோடு நின்றதன்று. தமிழகத்திலும் மைசூரிலும் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துய்புவா எழுதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்து மக்களின் வழக்கங்கள் பற்றிய நூலும் அவ்வகையினதே. அதனை நாம் வாசிக்கையில், நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய குறைகளை எளிதில் காண்கிறோம். நம் அண்டை வீட்டில் வாழும் பிற சமயத்தாரைப் பற்றி நாம் எழுதும் பாடநூல் வரிகளையும் அதே கண்ணால் வாசிக்கிறோமா? பல சமயத்தாரும் ஒரே வகுப்பில் அமரும் இந்நாடுகளில் ஆசிரியர் முன்னுள்ள கடமை இதுவே. ஒரு பாடத்தை நடத்தி முடித்ததும், அப்பாடம் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவரை அவ்வகுப்பில் இருத்தி, இது சரிதானா என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். தஹ்தாவி 1834இலேயே அதனைச் செய்து காட்டினார்.